வாசலுக்குள் இருப்பவர்களுக்கும் ஓய்வு



ஓய்வுநாள் என்றதும் கிறிஸ்தவர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது செய்யக் கூடாத காரியங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாதே, ஊசி நூலைத் தொடாதே, பந்து விளையாடாதே. பழைய தலைமுறை அதற்குப் பயந்து நடந்தது. இன்றைய தலைமுறை அதை மெல்லக் கைவிட்டுவிட்டது. அந்தக் கட்டளை யாரை நினைத்துக் கொடுக்கப்பட்டது என்பதை இரண்டு தலைமுறையும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-ஆம் அதிகாரத்திலோ காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாயிருந்தவன், அதை மறந்துவிடாதே என்கிறது அது. அதனால் உன் பிள்ளைகளோடு உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று வேலையில்லை. உன் வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியனுக்கும் இல்லை.

எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடவுளை வழிபட்டு வர மூன்று நாள் விடுப்பு கேட்டதற்குப் பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்றான். அதுவரை கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்திவிட்டு, வயலில் கிடக்கும் தாளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டான். ஓய்வு கேட்கிறவனைச் சோம்பேறி என்று ஏசுவது அவ்வளவு பழைய வழக்கம். அந்தச் செங்கல் களத்திலிருந்து தப்பி வந்த ஜனங்களுக்குத்தான் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது.

நம் மண்ணிலும் இப்படி ஒன்று நடந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசாங்கம் கூப்பிட்டபோதெல்லாம் போய்க் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு ஊழியம் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் பலர் கிறிஸ்தவர்களானார்கள். கர்னல் மன்றோ அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த 1810-களில், ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று விலக்கு கிடைத்தது. உத்தரவு ஒரு பக்கம் இருக்க, அதை மீறி ஆட்களைப் பிடித்துப் போனதும் உண்டு. ஆனாலும், தலைமுறை தலைமுறையாக மறுத்துப் பேச வழியில்லாதிருந்த ஒருவர், "இன்றைக்கு நான் வர வேண்டியதில்லை" என்று சொல்ல ஒரு நாள் இருந்தது. அந்த மனிதர்களின் வழிவந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

இனி நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். காலை ஆராதனை முடிந்து வருகிறோம். அப்பா ஃபேனுக்குக் கீழே பேப்பரை விரிக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு ஒதுங்குகிறார்கள். அம்மா, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு இருந்தாக வேண்டுமே! சாப்பிட்டு எழுந்தால் தொட்டி நிறையப் பாத்திரம். ஓய்வுநாளில்தான் அவருக்கு வாரத்திலேயே அதிக வேலை. விருந்தாளி வந்துவிட்டால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொல்கிறோம். அந்த அக்காவுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு.

18 ஆண்டுகளாகக் கூனிப்போய், கொஞ்சமும் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணை இயேசு ஒரு ஓய்வுநாளில், ஜெபாலயத்தில் வைத்தே, நிமிர்ந்து நிற்க வைத்தார் என்று லூக்கா எழுதுகிறார். குணமாவதற்கு வேறு ஆறு நாள் இல்லையா என்று ஜெபாலயத் தலைவருக்குக் கோபம். ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இந்தப் பெண்ணின் கட்டை அவிழ்க்கக் கூடாதா என்று இயேசு திருப்பிக் கேட்டார். ஓய்வுநாளை ஆசரித்தோமா இல்லையா என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் முதுகு வளைந்தவர் யாரோ, அவர் அன்றைக்கு நிமிர்ந்தாரா?

நேயர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே ஆயத்தமாகுங்கள். மீன்குழம்பாக இருந்தால் மறுநாள்தானே ருசி, முந்தின நாளே வைத்துவிடுங்கள். அதையும் அம்மா ஒருவர் தலையில் கட்டாமல் எல்லோரும் கூடிச் செய்யுங்கள். சாப்பிட்ட பாத்திரத்தை அப்பாவும் பிள்ளைகளும் தேய்க்கட்டும். வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறுதோறும் விடுப்பு கொடுங்கள், சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்காமல்.