களம் யாருக்குரியது?

குதிரை திருடியவன் முடவனாவான் என்கிறது மனுநூலின் 11ஆம் அத்தியாயம். ஊனம் என்பது வினையின் முத்திரையாம், பாவத்தின் பட்டயமாம்! ஏட்டிலே எழுதியது ஏட்டோடு நின்றிருந்தால் கேடில்லை. அது திண்ணையிலே வேதாந்தமாயிற்று; பெற்றவள் நெஞ்சிலே பெருஞ்சுமையாயிற்று; கால் வலுவிழந்த குழந்தைக்கு, "நீ மரத்தடியில் உட்கார்ந்திரு, மற்றவர் ஆடட்டும்" என்ற தீர்ப்பாயிற்று. தண்டனை என்று நம்பிவிட்டால், அதைத் தணிக்க முயல்வானேன்? விதி என்று விட்டுவிட்டால், வழி தேடுவானேன்? அங்கே அழுகைக்கு இடமுண்டு, ஆராய்ச்சிக்கு இடமில்லை!

மேல்நாடு மட்டும் என்றும் விழிப்போடு இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். குறையற்ற உடல், கலப்பற்ற குருதி என்று கூச்சலிட்ட இட்லர், உடற்குறையும் மனக்குறையும் உடையோரைக் கொன்றொழிக்க ஆணையிட்டான். அந்த ஆணை தாங்கிய தேதி 1939 செப்டம்பர் 1. இங்கே வினையென்றனர், அங்கே வீணென்றனர். சொல் வேறு, கொடுமை ஒன்றே!

அதே 1939இல் அந்த நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்திலே தஞ்சம் புகுந்தார் ஒரு யூத மருத்துவர். லுட்விக் குட்மன் என்பது அவர் பெயர். 1944இல் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு முறிந்தோருக்கான பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அத்தகையோர் மாண்டுபோவது அந்நாளில் இயல்பென்றே கருதப்பட்டது. குட்மன் விதியை நோகவில்லை, காரணத்தைத் தேடினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார், புண்ணைத் தடுத்தார். பிறகு கையிலே பந்தைக் கொடுத்தார், வில்லைக் கொடுத்தார். இழந்ததை எண்ணி ஏங்கியவர், இருப்பதைக் கொண்டு இயங்கலாயினர்.

1948 சூலை 29ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, அம்மருத்துவமனைத் திடலில் வில்வித்தைப் போட்டி நடந்தது. கலந்துகொண்டோர் 16 பேர். அவருள் இருவர் பெண்கள். 1960இல் ரோமாபுரியில் 23 நாடுகளின் வீரர்கள் ஏறத்தாழ நானூறு பேர் கூடினர். பதினாறு நானூறானது மந்திரத்தாலா? இல்லை, மதியால்!

அந்த மதி இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். நடப்பவனுக்கு வகுத்த பயிற்சி சக்கர நாற்காலியில் அமர்ந்தவனுக்கு அப்படியே பொருந்துமா? தண்டுவடம் மேற்பகுதியில் அறுபட்டவருக்குப் பயிற்சியின்போது இதயத் துடிப்பு மற்றவர்க்குப்போல் உயர்வதில்லை. முறிவுக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவதால் உடற்சூடு எளிதில் ஏறிவிடும். சக்கரத்தை நாள்தோறும் தள்ளும் தோளுக்கு ஓய்வு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்பதையும் கணக்கிட வேண்டும். இவற்றை ஆராயாமல் ஆடச் சொல்வது அறியாமை; இவற்றையே காட்டி ஆடாதே என்பது அநீதி. உலக நலவாழ்வு நிறுவனம் தன் உடற்பயிற்சி வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பரிந்துரை சேர்த்ததே 2020இல்தான்!

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது நாம் கைதட்டினோம். தட்டியது முறையே. ஆனால், தங்கம் வென்றால்தான் தரணியில் இடம் என்பதா நம் எண்ணம்? ஓடத்தெரிந்த பிள்ளைகளெல்லாம் ஒலிம்பிக் வீரர்களாகவா ஆகிறார்கள்? வெல்லாமலும் விளையாடுகிறார்கள், மகிழ்கிறார்கள். எவரும் அதற்கு உரிமைச்சீட்டுக் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளியிடம் மட்டும் பதக்கத்தைக் காட்டு, பிறகு மதிக்கிறேன் என்பது, பரிதாபம் பட்டாடை கட்டிக்கொண்டு வருவதே அன்றி வேறென்ன?

இரக்கம், கொடுப்பவன் மனம்போல் குறையும், மறையும். உரிமை அப்படியன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 30ஆம் பிரிவில், அவர்கள் விளையாட்டில் பங்குகொள்ள வழிசெய்வதை அரசின் கடமையாக்கியுள்ளது. சட்டம் வந்துவிட்டது; சாய்தளம் வந்ததா? பயிற்சி தருவோர் பயின்று வந்தனரா? பள்ளித் திடலின் மரத்தடியில் அமர்ந்திருக்கும் அந்தக் குழந்தையை எவரேனும் அழைத்தனரா?

வினையைக் காட்டி விலக்கியது பழமை. வியந்து பாராட்டிவிட்டு விலகுவது புதுமையாகாது. பந்தை அந்தக் கைகளிலே கொடுப்பதே பகுத்தறிவு!