சகுனமும் சமயமும்

மனித வாழ்வுக்கு நம்பிக்கை இன்றியமையாதது. நம்பிக்கை இல்லாதவன் விதை விதைக்கவும் மாட்டான். கோயில் வாசலுக்கு வரவும் மாட்டான். ஆயினும் நம்பிக்கை வேறு, அச்சம் வேறு. பூனை குறுக்கே போயிற்று, ஒற்றைத் தும்மல் கேட்டது, பல்லி சொல்லிற்று, தாலியிழந்த பெண் எதிரே வந்தாள் என்று புறப்பட்ட பயணத்தை நிறுத்தி வீடு திரும்புவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இவ்வழக்கங்கள் எங்கிருந்து வந்தன? இவற்றை நமது சமயம் ஏற்கின்றதா? அடியார்கள் சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

'சகுனம்' என்ற வடசொல்லுக்குப் பறவை என்றும் பொருளுண்டு. தமிழிலும் 'புள்' என்னும் சொல் பறவையையும் நிமித்தத்தையும் குறிக்கும். காட்டுவழி நடந்த ஆதிமனிதன் பறவையின் குரலையும் அது பறக்கும் திசையையும் கூர்ந்து கவனித்தே மழையையும் ஆபத்தையும் உணர்ந்திருக்க வேண்டும். சங்க காலத்தில் 'விரிச்சி கேட்டல்' என்றொரு வழக்கம் இருந்தது. போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானோ எனத் தலைவி கலங்கியிருக்க, முதிய பெண்கள் நெல்லும் முல்லைமலரும் தூவி வழிபட்டு நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தே நிற்கின்றனர். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஆயர்மகள் ஒருத்தி ஆறுதல் கூறுவது அவர்கள் காதில் விழுகிறது. அதுவே அவர்களுக்கு நற்சகுனமாயிற்று. முல்லைப்பாட்டு காட்டும் இக்காட்சியில் சகுனம் துன்பப்பட்ட மனதுக்கு ஆறுதலாக வருகின்றது; எவரையும் அது தள்ளிவைக்கவில்லை.

ஆறுதலாக இருந்தது அச்சமாக மாறியது எவ்வாறு? 1948ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பசித்த புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை கிடைக்கும்படி செய்தார். இரை வந்த வேளையில் தற்செயலாக வட்டமிட்ட புறா மீண்டும் மீண்டும் வட்டமிட்டது. தலையசைத்த புறா தலையசைத்துக்கொண்டே இருந்தது. தம் செயலால்தான் இரை வந்தது போல அவை நடந்துகொண்டன. பூனை குறுக்கே போன அன்று நேர்ந்த ஒரு துன்பத்தை மனதில் வைத்துக்கொண்டு, பூனை போயும் நலமாக முடிந்த நூறு நாட்களை மறந்துவிடும் நாமும் அப்புறாக்களைப் போன்றவர்களே.

நிச்சயமற்ற வாழ்வில் இவ்வச்சம் இன்னும் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோர் பலர் கொள்ளைநோய்க்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். நாளை உயிரோடிருப்போமா என்றறியாத அவர்கள் சகுனங்களைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமுமன்று.

ஆனால் துரதிர்ஷ்டம் உண்மையில் ஒரு பொருளிலோ எண்ணிலோ இருக்குமாயின், அது எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? நாம் அஞ்சும் கரும்பூனையை ஜப்பானில் நற்பேறாகக் கருதுவர். பிரித்தானியாவிலும் அவ்வாறு நம்புவோர் பலர். மேலைநாட்டார் அஞ்சும் 13 என்ற எண்ணை இயேசுநாதர் கடைசி இராவுணவில் பன்னிரு சீடருடன் அமர்ந்ததோடு தொடர்புபடுத்துவர். சீனர் அஞ்சுவது 4 என்ற எண்ணுக்கு. அவர்கள் மொழியில் அது சாவு என்ற சொல்லைப்போல் ஒலிக்கும்.

இராகுவும் கேதுவும் உருவமுள்ள கோள்களல்ல. சந்திரனின் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே அவை. கிரகணம் நிழலால் உண்டாவது என்பதை ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவைத்தார். திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9.00 வரை இராகுகாலம். அந்நேரத்தில் கொழுந்து பறிக்கும் கைகள் ஓய்வதில்லை. இறப்பர் மரத்தில் பால் வடிவதும் நிற்பதில்லை. அந்த உழைப்பே நமக்குச் சோறிடுகின்றது.

நமது சமயம் கூறுவதென்ன? திருமறைக்காட்டில் தங்கியிருந்த திருஞானசம்பந்தரை மங்கையர்க்கரசியார் மதுரைக்கு அழைத்தபோது, கோள்கள் நன்றாக இல்லை என்று அப்பரடிகள் கவலையுற்றார். சிவனை உள்ளத்தில் கொண்ட அடியார்க்கு எல்லாக் கோளும் நல்லவையே எனச் சம்பந்தர் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். திருவிழாவுக்கு நாள் குறிப்பது ஊர் ஒன்றுகூடுவதற்கான ஒழுங்கு. நாளுக்கும் கோளுக்கும் அஞ்சி ஒடுங்குவது அடியார்க்குரிய வழியன்று.

அந்த அப்பரடிகளுக்குத் திருநீறு அளித்தவர் யார்? அவருடைய தமக்கை திலகவதியார். தமக்கு மணம்பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டதும் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக வாழ்ந்து திருவதிகையில் திருத்தொண்டு செய்தார். ஐந்தெழுத்தோதி அவர் தந்த நீற்றினாலேயே தம்பி திருநாவுக்கரசரானார். கணவனாக வரவிருந்தவரை இழந்த ஒரு பெண்ணின் கையால் சைவம் பெற்ற செல்வம் அது. அப்படியிருக்க, கணவனை இழந்தும் விடியலில் மலையேறிக் கொழுந்தெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாயை, அப்பிள்ளையின் திருமணத்தன்றே மூலையில் நிற்கவைப்பது எந்த நீதி? பிள்ளைக்கு அவள் ஆசியைவிட மங்கலமானது வேறெது?

கூர்ந்து பார்க்க வேண்டிய சகுனங்களும் உண்டு. 2016 மே 17ஆந் திகதி, நாட்கணக்கில் பெய்த பெருமழையால் நமது அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்டோரை மண் மூடியது. அது எவர் முகத்தில் விழித்ததாலும் வந்ததன்று. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், புதிதாக ஊற்றுக் கிளம்புதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியனவே மலை காட்டும் சகுனங்கள். இவற்றைக் கண்டாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்து வெளியேறும்படி கூறினாலோ நல்லநேரம் பாராமல் உடனே லயத்தை விட்டு வெளியேற வேண்டும். அன்று பறவையைக் கவனித்த முன்னோரின் விழிப்பு இன்று நமக்கு வேண்டியது இங்கேதான்.

ஆகவே அடியார்களே, மண்ணையும் மழையையும் கவனிப்போம். மனிதரைச் சகுனமாகப் பார்ப்பதை விடுவோம். அடுத்த திருவிழாவில் நம் ஊரின் கணவனை இழந்த தாய்மாரும் நிறைகுடம் ஏந்தி முன்வரிசையில் நிற்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் உரித்தாகுக.