உழவாரத்தின் வாயும் செம்பின் களிம்பும்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி நிற்கும் ஆதி அண்ணாமலையார் கோயில் போன்ற கற்றளிகளின் திருச்சுற்றுகளில் மழைக்குப் பின் முளைக்கும் புல்லைச் செதுக்கி அகற்றுவது உழவாரப்பணி எனப்படும். நீண்ட மரக்காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகைப் பொருத்திய அதன் கருவியே நாயன்மார்களுள் ஒருவரான திருநாவுக்கரசரின் திருமேனிகளில் தோளில் சாய்ந்து காணப்படும் உழவாரம். அதைத் தீட்டிப் பேணுவது தொண்டின் பகுதியா, தொண்டுக்கு முந்தைய ஆயத்தம் மட்டும்தானா என்பது சிறிய கேள்வியன்று.

சைவ சித்தாந்தம் கூறும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் சரியை என்பது உடலால் செய்யும் திருப்பணி. அது உடலுழைப்பாகவே இருப்பதால் அதன் தரம் கருவியின் தரத்தை விட்டுத் தனித்து நிற்க முடியாது. கல்லில் உரசி மழுங்கிய அலகு வேரை அறுக்காமல் புல்லின் தலையை மட்டும் கிள்ளும். பணி நடந்ததுபோல் தோன்றும், சில நாளில் புல் மீண்டும் தழைக்கும். ஆகவே தீட்டுதல் பணிக்குள்ளேயே அடங்குகிறது.

ஆனால் இரும்பின் துருவை உயிரின் மலத்துக்கு ஒப்பிட்டு, தீட்டுவதையே ஆன்ம சுத்தியாகக் கொள்ளும் எளிய முடிவுக்குச் சித்தாந்தம் இடம் தருவதில்லை. உயிரைத் தொடக்கமில்லாமலே பற்றியிருக்கும் அறியாமையாகிய ஆணவ மலத்துக்கு அது காட்டும் உவமை செம்பின் களிம்பு. துருவோ ஈரத்தால் பின்னர் வந்து சேர்வது; சாணைக்கல்லுக்கு அடங்குவது. களிம்பு செம்போடு உடன்தோன்றியதாகக் கருதப்பட்டதால், தேய்த்தாலும் திரும்ப வரும் அதனை நீக்க இரசகுளிகை என்னும் பாதரச உருண்டை வேண்டும் என்றனர். மலத்துக்கு அக்குளிகையின் இடத்தில் நிற்பது திருவருள். உவமையை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தது, முயற்சியின் எல்லையை மறவாமல் இருப்பதற்கே எனலாம்.

கருவியைப் பேணுவது பற்றாக மாறும் அபாயமும் உண்டு. திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் மின்னிய பொன்னையும் மணிகளையும் நாவுக்கரசர் புல்லோடும் பருக்கைக் கல்லோடும் ஒன்றாக எண்ணி, அதே உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்கிறது 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம். உழவாரம் மட்டும் அவர் கையிலேயே இருந்தது, பணி மீதமிருந்ததால்.

கருவியைப் பேணும் அக்கறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நீர்க்கல்லில் அரிவாளைத் தீட்டி, ஈரத்தைத் துடைத்து, கமேலியா விதை எண்ணெய் பூசும் ஜப்பானியத் தோட்டக்காரரின் ஒழுங்கும் துருவோடு நடத்தும் அதே போராட்டமே. அந்நாட்டின் பல இடங்களில் பிப்ரவரி 8 அன்று உடைந்த ஊசிகளை மென்மையான தோஃபுவில் குத்தி வழியனுப்பும் ஹரிகுயோ சடங்கு, உழைத்து ஓய்ந்த கருவிக்கானது. தமிழகத்தின் ஆயுத பூசையோ இன்னும் உழைக்க வேண்டிய கருவிக்கானது. அதனால்தான் பூசைக்கு முன் கருவியைத் துடைத்துத் துரு நீக்கும் வேலை பூசையின் முதல் அங்கமாகிறது. அது விடுபட்ட இடத்தில் சந்தனப் பொட்டு துருவின் மேல்தான் அமைகிறது.