இது யார் சண்டை?



குருக்ஷேத்திரப் போரின் மூன்றாம் நாள். பீஷ்மர் பாண்டவர் படையைச் சாய்த்துக்கொண்டே போகிறார். அர்ச்சுனனும் அம்பு விடுகிறான், ஆனால் மனசோடு விடவில்லை. எதிரே நிற்பது தன்னைத் தூக்கி வளர்த்த தாத்தா. கை தயங்குகிறது. தேர் ஓட்டிக்கொண்டே இதைப் பார்த்த கண்ணனுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்க முடியவில்லை. இனி இவனை நம்பிப் பயனில்லை, நானே முடித்துவிடுகிறேன் என்று சக்கரத்தோடு தேரிலிருந்து குதித்துவிட்டார். யார்? இந்தப் போரில் ஆயுதமே எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்!

பீஷ்மர் பயப்படவில்லை. உன் கையால் சாவதென்றால் எனக்குப் பாக்கியம்தான், வா என்கிறார். பயந்தது அர்ச்சுனன்தான். பின்னாலேயே ஓடிப்போய்க் கண்ணனைக் கட்டிப்பிடிக்கிறான். அவரோ அவனையும் இழுத்துக்கொண்டே நடக்கிறார். கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு, பத்தாவது அடியில்தான் நிறுத்த முடிகிறது. நான் ஒழுங்காகப் போராடுகிறேன், நீங்கள் வாக்கை மீற வேண்டாம் என்று சத்தியம் செய்கிறான். கண்ணன் திரும்பி வந்து கடிவாளத்தைக் கையில் எடுக்கிறார். ஒன்பதாம் நாளும் இதே மாதிரி நடக்கிறது. அன்றைக்குக் கையில் இருந்தது சாட்டை.

அந்தப் பத்து அடியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன். காரணம், பூச்சோங்கில் நம்முடைய ஞாயிறு வகுப்பு முடிந்து பசியாறும் நேரத்தில் பையன்கள் போட்ட ஒரு பெரிய வாக்குவாதம்.

முதலில் எல்லாம் புது கேம்களைப் பற்றித்தான். ஜி.டி.ஏ. 6 தள்ளிக்கொண்டே போன கதை. 2025-இல் மாரியோ கார்ட் வேர்ல்டு 80 டாலருக்கு வந்த கதை. நம் காசுக்கு 300 ரிங்கிட்டுக்கு மேல், யார் வாங்குவது என்ற புலம்பல். பிறகு எல்டன் ரிங் நைட்ரெயினுக்குப் போனார்கள். மூன்று பேராக இறங்கி விளையாடுவது. கூட்டாளி அடிபட்டு விழுந்தால் அவனை எழுப்பவும் ஆயுதத்தால்தான் அடிக்க வேண்டுமாம். "அண்ணே, அதுல மட்டும்தான் ஃப்ரெண்ட அடிச்சா புண்ணியம்" என்றான் ஒருவன். சிரித்துவிட்டேன்.

சண்டை வந்தது இதற்கு அப்புறம்தான். 2022 பிப்ரவரியில் முதல் எல்டன் ரிங் வந்தபோது அதில் மலேனியா என்று ஒரு எதிரி. உலகம் முழுக்க ஆட்டக்காரர்களை அழவிட்டவள். அப்போது ஒரு ஆள் கிளம்பினார். தலையில் ஒரு ஜாடி, உடம்பில் கவசம் கிடையாது, இரண்டு கையிலும் வாள். அவர் வைத்துக்கொண்ட பெயரே 'லெட் மீ சோலோ ஹெர்', அதாவது நீ ஒதுங்கு, அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். மலேனியா இருக்கும் வாசலில் தன் குறியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். யாராவது அதைத் தொட்டுக் கூப்பிட்டால் வந்து, அவளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு மேல் இப்படிச் செய்தார். அந்த ஜூலையில் கேமை வெளியிட்ட பண்டாய் நம்கோ நிறுவனம் அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது.

இது உதவியா இல்லையா? இதுதான் கேள்வி.

"உதவிதான் அண்ணே. நாலு நாள் தூங்காம டிரை பண்ணவனக் கேளுங்க."

"அப்ப ஜெயிச்சது நீயா, அவனா? நீ ஓரமா நின்னு வேடிக்கை பாத்த, அவ்வளவுதான்."

இரண்டு பேருமே சரியாகத்தான் கேட்கிறார்கள். பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் 20, 21, 22 ஆகிய மூன்று சுலோகங்களை எடுத்துப் பாருங்கள். தானத்தைக் கண்ணன் மூன்றாகப் பிரிக்கிறார். கொடுக்க வேண்டியது கடமை என்று, பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல், இடமும் காலமும் ஆளும் அறிந்து கொடுப்பது சாத்விகம். திரும்பி ஏதாவது வரும் என்று கணக்குப் போட்டோ, மனசு நொந்துகொண்டோ கொடுப்பது ராஜசம். தப்பான இடத்தில், தப்பான நேரத்தில், மரியாதை இல்லாமல் இளக்காரத்தோடு கொடுப்பது தாமசம். கொடுத்தாயா என்று மட்டும் பார்த்து பகவான் விட்டுவிடவில்லை. வாங்கினவனுக்கு மரியாதை மிச்சம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்.

மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட ஆடும் சின்னப் பையனை ஜெயிக்க வைப்பீர்கள். வைத்துக்கொண்டே மைக்கில் நூப், போடோ என்று திட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஆட்டம் முடியும்போது அவனுக்கு நட்சத்திரம் கிடைத்திருக்கும், ஆனால் அழுகிற நிலையில் இருப்பான். தாமச தானத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காசு வாங்கிக்கொண்டு அடுத்தவன் கணக்கில் புகுந்து ராங்க் ஏற்றித் தருவதையும் சிலர் உதவி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கினவன் அடுத்த நாள் தன் திறமைக்கு மீறின இடத்தில் தனியாக நிற்பான். அவனோடு சேர்ந்த நாலு பேரும் தோற்பார்கள், ஐந்தாவது ஆளான இவனைத் திட்டித் தீர்ப்பார்கள். அவன் சண்டையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். திரும்பக் கொடுக்கும்போது அது முன்பைவிடப் பெரிய சண்டையாகிவிட்டது.

அதே ஆட்டத்தில் ரோமர் என்று ஒரு வேலை இருக்கிறது. தங்கத்தைக் கூட்டாளிகளுக்கு விட்டுவிட்டு, அடியைத் தான் வாங்கி, கொல்லும் வாய்ப்பை அடுத்தவனுக்கு அமைத்துக் கொடுக்கும் வேலை. 2024 ஜூலையில் நம்ம சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் எம்.எஸ்.சி. கோப்பையைத் தூக்கினார்களே, அந்த அணியிலும் ஒருவர் இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். புதுசாக ஆட வருகிறவன் யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை. அர்ச்சுனன் கேட்டதும் கண்ணன் ஏற்றுக்கொண்டார். 14-ஆம் நாள் போரின் நடுவில் குதிரைகள் களைத்துப்போனபோது, அர்ச்சுனன் அம்பால் நிலத்தைப் பிளந்து தண்ணீர் வரவைக்கிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துக் குளிப்பாட்டித் தண்ணீர் காட்டுகிறார். பரமாத்மா செய்த வேலை இது.

அப்படியென்றால் ஜாடிக்காரர் செய்தது தப்பா? இல்லை. அவர் யார் ஆட்டத்திலும் தானாகப் புகவில்லை, கூப்பிட்டால்தான் வந்தார். கூப்பிட்டவனுக்கு எது தேவை என்று அவனுக்கே தெரியும். இடம், காலம், ஆள் என்று கீதை சொல்வதை இங்கேதான் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பர் 18-ஐ உங்களில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்குப் பக்கத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி, மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்த வெள்ளம் அது. சொந்தப் படகைக் கொண்டுவந்தவர்கள், சமைத்துப் பொட்டலம் கட்டினவர்கள் யாரும், இவர்களே நீந்தக் கற்றுக்கொள்ளட்டும் என்று நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 1, ஹரிராயாவின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வானம் சிவந்தபோதும் அப்படித்தான். அந்த நேரத்தில் சாரதி வேலை போதாது. இறங்கித் தூக்க வேண்டும்.

ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள்? சேற்றை வாரும்போது எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று அந்த வீட்டு அம்மாதான் சொல்ல வேண்டும். கோத்தோங் ரோயோங் போகிற பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை. நனைந்துபோன கல்யாண ஆல்பத்தைக் குப்பையில் வீசிவிட்டு, பத்தே நிமிஷத்தில் ஹாலைக் காலி பண்ணிட்டோம் என்று படம் எடுத்துப் போடுவார்கள். முந்தின நாள் படகில் தூக்கியது சாத்விகம். இன்றைக்கு அதே கை அதே வேகத்தில் செய்வது வேறு ஒன்றாகிவிடும்.

நடுவில் ஒருவன், காசில்லாத நண்பனுக்குத் திருட்டுப் பிரதி எடுத்துக் கொடுப்பது தர்மம்தானே என்றான். இளையான்குடி மாற நாயனாரை நினைத்துப் பாருங்கள். கொட்டும் மழையில், நடுராத்திரியில் பசியோடு அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நாயனார் போனது தான் பகலில் விதைத்த தன் வயலுக்கு. முளைவிட்ட நெல்லை வாரிக்கொண்டு வந்தார். பக்கத்து வயலுக்குப் போகவில்லை. கோலாலம்பூரிலேயே ஒரு சின்னக் குழு உழைத்து 2020-இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற கேமை வெளியிட்டது. அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்தால் அது யாருடைய நெல்? உன் கன்சோலை ஒரு வாரம் நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வா. அது உன் நெல்.

இவ்வளவும் பேசி முடித்தபோது, அதுவரை வாய் திறக்காத ஒரு தங்கை கேட்டாள்: "கூப்பிட்டாதான் போகணும்னா, கூப்பிட வெக்கப்படறவங்க என்னண்ணே செய்வாங்க?"

பையன்களிடம் இதற்குப் பதில் இல்லை. எனக்கும் ஒரு வாய் தே தாரிக் தேவைப்பட்டது.

திங்களூர் அப்பூதி அடிகளின் தண்ணீர்ப் பந்தல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை நடந்து போகும்போது நீங்களும் பந்தலில் குடித்திருப்பீர்கள். அங்கே யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. ஏன் தாகம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்று விசாரிப்பதும் இல்லை. அப்பூதியார் வழியெங்கும் பந்தல் வைத்தார், ஒன்றிலும் தன் பெயர் இல்லை. அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத திருநாவுக்கரசரின் பெயர்தான் எல்லாவற்றிலும். அந்த வழியாக வந்த அப்பரே, ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்று கேட்க, வந்திருப்பது யார் என்று தெரியாமல் அவர் மேலேயே கோபப்பட்டார் அப்பூதியார்.

உங்கள் டெத் ஸ்ட்ராண்டிங்கிலும் இது உண்டு. 2019-இல் வந்தபோது, மூட்டை தூக்கி நடப்பதெல்லாம் ஒரு கேமா என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் அதில் ஒருவர் ஆற்றின் மேல் கட்டிய பாலம், எங்கேயோ இருக்கும் வேறொருவரின் ஆட்டத்தில் தோன்றும். இரண்டு பேரும் சந்திப்பதே இல்லை. கடந்து போகிறவர் ஒரு லைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். 2025 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்திலும் இது தொடர்கிறது. மூட்டை தூக்கும் அந்த ஆட்டத்தை இவ்வளவு நாள் கேலி செய்தவனே, தானும் ஒரு பாலம் கட்டியதை அன்றைக்கு ஒப்புக்கொண்டான்.

கேள்வி கேட்ட தங்கை எஸ்.பி.எம். முடித்தவள். தன் ஐந்தாம் படிவக் கணக்குப் புத்தகங்களையும் நோட்டுகளையும் கோயில் மண்டப அலமாரியில் வைத்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், யாரிடமும் கேட்க வேண்டாம். கணக்கின் விடையை மட்டும் எழுதிவைக்காமல் வழிமுறையும் அதில் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். பெயரை எழுதிவிடாதே அம்மா என்றேன்.

ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் கலர் பேனாவால் ஏற்கெனவே எழுதி, சுற்றிலும் பூவும் வரைந்து வைத்திருக்கிறாளாம்.