அளவும் அந்தஸ்தும்

டீ.என்.ஏயின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வொட்சன், ஆபிரிக்கரின் அறிவாற்றல் வெள்ளையருடையதற்குச் சமமல்ல என்ற பொருள்பட 2007இல் பத்திரிகையொன்றுக்குப் பேட்டியளித்தார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2019இல் ஒளிபரப்பான ஆவணப்படத்தில், தன் கருத்து மாறவில்லை என்றார். அவர் நெடுங்காலம் தலைமை வகித்த ஆய்வுகூடமே தான் வழங்கிய கௌரவப் பட்டங்களை மீளப்பெற்றது.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நபியவர்களின் (ஸல்) இறுதிப் பேருரை என் நினைவுக்கு வரும். வெள்ளையருக்கோ கறுப்பருக்கோ இறையச்சத்தாலன்றி மேன்மையில்லை என்ற போதனையைச் சொல்லி, 'மார்க்கம் இதை அன்றே தீர்த்துவிட்டது' என முடித்துவிடுவேன். இப்போது அப்படி முடிக்கத் தயங்குகிறேன். புள்ளிகள் பற்றிய கேள்விக்கு அது விடையாகுமா?

அந்தக் கேள்விக்கான விடையை விஞ்ஞானத்திலேதான் தேட வேண்டும். அமெரிக்கக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவில் காணப்பட்ட ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்துக்குப் பரம்பரையும் காரணமாகலாம் என 1969இல் ஆதர் ஜென்சன் எழுதினார். மறு ஆண்டே ரிச்சர்ட் லெவொன்டின் அந்த வாதத்தின் ஓட்டையைக் காட்டினார். ஒரே மூட்டை விதையை வளமான நிலத்திலும் வரண்ட நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு நிலத்தினுள்ளும் பயிரின் உயர வேறுபாட்டுக்கு விதை காரணமாகலாம். இரு நிலங்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கோ மண்ணே காரணம்.

வாதம் வலுவானதுதான். ஆனால் மனித சமத்துவத்தை அதன் மீது கட்டினால், புதிய ஆய்வு வெளிவரும் ஒவ்வொரு முறையும் நாம் நடுங்க வேண்டிவரும். பேருரை எல்லோரும் ஒரே அளவு என்று கூறவில்லை. அந்தஸ்தை அந்த அளவுகளிடம் ஒப்படைக்கவுமில்லை. எந்தத் தாய் பிள்ளையின் புள்ளியைப் பார்த்துச் சோறு போடுகிறாள்?

1905இல் பாரிஸில் அல்பிரட் பினே தன் சோதனையை உருவாக்கியது, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதற்காகவே. அமெரிக்காவில் அது 'மந்தபுத்தியுள்ளோர்' என முத்திரை குத்தும் கருவியாயிற்று. அவ்வாறு முத்திரை குத்தப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய இடமளித்த சட்டத்தை 1927இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. சோதனை அதேதான். மாறியது, அளப்பவரின் நோக்கம்.

ஆகவே ஆய்வைத் தடைசெய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தடை, எதையோ மறைக்கிறோம் என்ற சந்தேகத்தையே வளர்க்கும். அளந்து முடித்த பின் பலவீனனுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை கிடைக்காது. பேருரை பேசுவது அங்கேதான்.