பிரட்டுத் தப்பும் ஒலிப் பாடமும்

மலையகத்தில் உயர்தர வகுப்புக்கு ஒலி அலைகளைக் கற்பிக்கப் போகும் ஆசிரியர், கரும்பலகையில் சைன் வளையியை வரைவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் அடித்த தப்பு மேட்டுக்கு அப்பால் இருக்கும் லயத்துக்கும் கேட்டதாகப் பாட்டிமார் சொல்கிறார்கள். அதே தப்பை, அதே இடத்தில் நின்று, அதே கையால் நண்பகலில் அடித்தால் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. ஏன்?

பிரட்டு என்பது அன்றன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே தொழிலாளரைக் கூட்ட முன்னாளில் தப்புத்தான் அடித்தார்கள். பல தோட்டங்களில் அந்த வழக்கம் நின்று, சங்கு ஊதும் காலம் வந்துவிட்டது. ஆனால் தப்பு போய்விடவில்லை. காமன் கூத்தில், திருவிழாவில், சாவு வீட்டில் அது இன்றும் ஒலிக்கிறது. எனவே கேள்வி பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. இதற்குப் பொறுமையாக விடை தேடினால், பாடத்திட்டத்தில் ‘அலைவுகளும் அலைகளும்’ என்றுள்ள மூன்றாம் அலகின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம் என்பது என் நம்பிக்கை.

முதலில், மேட்டுக்கு அப்பால் போவது எது? தப்பருகே இருந்த வளி எழுந்து பறந்து போகிறது என்றுதான் பல பிள்ளைகள் மனதுக்குள் நினைத்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாததால் ஆசிரியருக்கு அது தெரிவதில்லை. இந்த நினைப்பைக் கலைக்க ஹட்டன் ஸ்டேஷன் போதும். நின்றுகொண்டிருக்கும் கோச்சியோடு எஞ்சினைக் கொண்டுவந்து இணைக்கும்போது முதற்பெட்டி குலுங்கும், அது அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததை. ‘டக், டக், டக்’ என்று அந்த அதிர்ச்சி கடைசிப் பெட்டிவரை ஓடும். எந்தப் பெட்டியும் ஒரு சாணுக்கு மேல் நகர்ந்திருக்காது. ஆனால் குலுக்கல் முழு நீளத்தையும் கடந்துவிட்டது. பெட்டி அசைந்த திசையும் குலுக்கல் ஓடிய திசையும் ஒன்றே. இதுதான் நெட்டாங்கு அலை. பெட்டிகள் நெருங்கிய இடம் நெருக்கல், விலகிய இடம் ஐதாக்கல். வளித்துணிக்கைகளும் இப்படித்தான் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. இதைப் பார்த்த பிள்ளைக்குப் பிறகு சைன் வளையியைக் காட்டினால், அது அலையின் படமல்ல, அமுக்கத்தின் ஏற்றஇறக்கத்தைக் குறிக்கும் வரைபு என்பது விளங்கும். இந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்க ஒரு முழுப் பாடவேளை செலவானாலும் அது வீண் அல்ல.

அடுத்தது கதி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ‘மேலே வளி ஐது, ஆகவே ஒலி மெதுவாகப் போகும்’ என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். விடை பாதி சரி, காரணம் முழுத் தவறு. ஒலியின் கதி அமுக்கத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தில் தங்கியிருக்கிறது. வெப்பநிலை மாறாதவரை அமுக்கம் குறையும் அளவுக்கு அடர்த்தியும் குறைவதால் விகிதம் அப்படியே நிற்கும். உயரம் தானாக ஒலியை மெதுவாக்குவதில்லை. உயரத்தோடு வரும் குளிர்தான் மெதுவாக்குகிறது. பூச்சியப் பாகையில் செக்கனுக்கு ஏறக்குறைய 331 மீற்றர். அதற்குமேல் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.6 மீற்றர் கூடும். 28 பாகைக் கொழும்பில் 348 மீற்றர் என்றால் 16 பாகை நுவரெலியாவில் 341 மீற்றர்.

நியூட்டனே இந்தக் கணக்கில் சறுக்கினார். அவர் சூத்திரம் தந்த கதி உண்மையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. நெருங்கும் வளி சற்றே சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரமில்லை என்பதை லாப்லாஸ் கண்ட பிறகே கணக்கு நேரானது. சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் 1.4 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஏழு மீற்றர் வித்தியாசத்தை ஆய்வுகூடத்தில் காண முடியுமா? முடியும். அதற்கு விலையுயர்ந்த பரிவுக் குழாயும் வேண்டியதில்லை. ஒரு வாளி தண்ணீர், இரு முனையும் திறந்த பிவிசி குழாய், 512 ஹேட்ஸ் இசைக்கவை. கவை இல்லையென்றால் அதே மீடிறனை எழுப்பும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்று. குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் ஒலி திடீரெனப் பெருகும். மேலும் உயர்த்தினால் இன்னோரிடத்தில் மறுபடி பெருகும். முதல் நீளத்தை மட்டும் நம்பினால் முனைத் திருத்தம் காலை வாரிவிடும். முரண்கணு குழாய் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்பதால் வரும் வினை அது. இரண்டு நீளங்களின் வித்தியாசத்தை எடுத்தால் அந்தத் திருத்தம் தானாகக் கழிந்து, அரை அலைநீளம் கையில் நிற்கும். நுவரெலியாவில் அது 33.3 சென்ரிமீற்றர், கொழும்பில் 34.0. ஏழு மில்லிமீற்றரைச் சாதாரண அடிமட்டத்தால் அளக்கலாம். தன் ஊரின் குளிர் ஓர் அடிமட்டத்தில் தெரிவதைப் பார்க்கும் பிள்ளை அந்தச் சூத்திரத்தை மனனம் செய்ய வேண்டியிராது.

எதிரொலிக்கோ மலையகத்தைப் போன்ற ஆய்வுகூடம் வேறில்லை. நேரே 250 மீற்றரில் ஒரு பாறை முகம் இருந்தால், ஒவ்வொரு கைதட்டலும் முந்தியதன் எதிரொலியோடு பொருந்துமாறு தட்டச் சொல்லுங்கள். 16 பாகையில் 20 இடைவெளிக்கு ஏறக்குறைய 29 செக்கன் வரும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்ததும் பிள்ளைகள் ‘ஹூ’ என்று கத்துவார்களே, அங்கே தனி எதிரொலி கேட்பதில்லை. சுவர்கள் மிக நெருக்கமானவை. தெறித்து வருவது 0.1 செக்கனுக்குள் வந்துவிடுவதால் காது அதை மூல ஒலியோடு சேர்த்து ஒரே முழக்கமாக எடுத்துக்கொள்கிறது.

டொப்ளர் விளைவுக்குப் பாடநூல்கள் வழமையாகக் காட்டும் புகையிரதம் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. மலையேறும் கோச்சி மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால், நெருங்கும்போதும் விலகும்போதும் கேட்கும் மீடிறன்களின் விகிதம் 1.05 மட்டுமே, ஓர் அரைச் சுரத்தையும் எட்டாது. ‘கேட்கிறதா?’ என்று ஆசிரியர் கேட்க, கேட்காத பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டப் பழக்குவது விஞ்ஞானத்துக்கு நேரெதிர். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஹோன் அடித்தபடி கடக்கும் பஸ்ஸைக் காட்டினால் அந்த இறக்கம் காதுக்கே தெரியும்.

இனி விடியற்காலைக்குத் திரும்புவோம். வழக்கமாக மேலே போகப்போகக் குளிரும். தெளிந்த இரவில் இது தலைகீழாகும். நிலம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. அதையொட்டிய வளி குளிர்ந்து, கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. தை, மாசியில் நுவரெலியாவில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி இப்படித்தான் விழுகிறது. இப்போது கீழே 10 பாகை, 50 மீற்றர் மேலே 14 பாகை என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒலி மெதுவாக, மேலே சற்று விரைவாக. இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையில் ஒரு வரிசை திரும்பும்போது என்ன நடக்கிறது? வெளிப்பக்கத்தார் எட்டி நடக்க, உட்பக்கத்தார் அடியைக் குறுக்க, வரிசை மெதுவான பக்கம் சாய்ந்து திரும்பும். அலைமுகமும் அப்படியே மெதுவான பக்கம், அதாவது நிலத்தை நோக்கி, வளைகிறது. கண்ணாடிக் குற்றியில் ஒளிக்குப் படித்த அதே முறிவுதான். இங்கே எல்லை ஒரே இடத்தில் இல்லாமல் சிறுகச்சிறுகப் பரந்திருக்கிறது. மேற்சொன்ன எண்களைப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஒலி நேர்கோட்டைவிட ஏறக்குறைய 18 மீற்றர் உயரும் வில்லில் போய் மறுபடி இறங்கும். நடுவே நிற்கும் சிறு மேட்டைத் தாண்ட அது போதும். நண்பகலில் வெயில் பட்ட நிலம் சூடாகி, கீழ்வளி விரைவாகி, ஒலி வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. மேட்டுக்கு அப்பால் இருப்பவர் ஒலியின் நிழலில் நிற்கிறார்.

இத்தோடு விடை முடிந்ததாகச் சொன்னால் பிள்ளைகளை ஏமாற்றியதாகும். விடியலில் காற்று அடங்கியிருக்கும், லொறி ஓடாது, அந்த அமைதிக்கும் பங்குண்டு. நேருக்கு நேர் தெரியும் லயத்துக்கு இந்த வளைவு தேவையே இல்லை. தப்பொலியின் தாழ்ந்த பகுதி 200 ஹேட்ஸ் என்றால் அதன் அலைநீளம் 1.7 மீற்றர், தேயிலைச் செடியைவிட உயரம். அத்தகைய அலை தடைகளின் விளிம்பைச் சுற்றி வளைந்து போகும். இதுவே கோணல். 3000 ஹேட்ஸ் விசிலின் அலைநீளம் 11 சென்ரிமீற்றர். அது மேட்டில் மோதி நின்றுவிடும். ஒரு நிகழ்வுக்குப் பல காரணங்கள் இருக்கலாம், அவற்றில் எது எவ்வளவு என்று எடைபோட வேண்டும் என்ற பழக்கம் இந்த இடத்தில்தான் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

கடைசியாகத் தப்புக்கு வருவோம். அடிப்பதற்கு முன் அதைத் தீயில் காய்ச்சுவார்கள். பனியில் ஈரம் ஏறிய தோல் தளர்கிறது, கனக்கிறது. இழுவை குறைய மீடிறன் குறையும். திணிவு கூடினாலும் மீடிறன் குறையும். தீ இரண்டையும் திருத்துகிறது. சுரமானியில் கம்பிக்கு எழுதும் சூத்திரம் சொல்வதும் இதையே. கம்பிக்கும் தோலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கம்பியின் மேற்றொனிகள் அடிப்படையின் 2, 3, 4 மடங்காக ஒழுங்காக வரும். வட்டத் தோலில் அவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றி விழும். அதனால்தான் தப்பில் திட்டமான சுரம் பிடிபடுவதில்லை. மிருதங்கத்தில் மட்டும் அது எப்படி வந்தது? தோலின் நடுவே பூசும் கரும்பசை மேற்றொனிகளை முழு மடங்குகளுக்கு அருகே இழுத்துவிடுகிறது. இதை 1920இல் சிவகாலி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன். 1934இல் அவரே அதை விரிவாக மறுபடி எழுதினார். நம் தோற்கருவி உலகத்தரமான பௌதிகவியலுக்குப் பொருளாகியிருக்கிறது. தப்படிப்பவரைச் சாதியின் பேரால் ஒதுக்கிய வழக்கம் தோட்டத்துக்குள்ளும் வந்தது. அவர் கையறிவை ஆய்வுகூட மேசையில் மரியாதையோடு வைப்பது பாடத்துக்குப் புறம்பான காரியமல்ல.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லவேண்டும். விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகளில் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அங்கே அதிர்வெண், ஒத்ததிர்வு, வீச்சு. நம் வினாத்தாளில் மீடிறன், பரிவு, வீச்சம். இரண்டும் நல்ல தமிழே. முதல் நாளே இரு சொற்களையும் பக்கம்பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டால், தெரிந்த விடையைச் சொல் தெரியாமல் இழக்கும் கொடுமை நேராது.

தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு முன் பலவற்றில் ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வந்தது அதற்கும் பிந்தி, அதுவும் சில பாடசாலைகளுக்கே. இன்றும் பல பிள்ளைகள் அதற்காக மலையிறங்கி நகரத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கருவி குறைவாக இருக்கலாம், ஒலி குறைவில்லை.

வருகிற மாசியில் காமன் கூத்துக்குத் தப்புக் காய்ச்சும் இடத்துக்கு வகுப்பை அழைத்துப் போங்கள், ஆசிரியர்களே. காய்ச்சுமுன் ஓர் ஒலிப்பதிவு, காய்ச்சிய பின் ஒன்று எடுத்து இரண்டின் மீடிறனையும் பிள்ளைகளே ஒப்பிடட்டும். கையில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.