எழுத்தறியாதாரின் பன்மொழிக் கல்வி

ஐதராபாத்தில் மறதிநோய்க்கு ஆளான 648 பேரை ஆராய்ந்த மருத்துவ அறிஞர்கள் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு நம் சிந்தனைக்குரியது. ஒரு மொழி மட்டும் பேசியோரினும், பிறமொழியும் பேசியோரை அந்நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே பற்றியிருந்தது. இது பள்ளிக் கல்வியின் பயன் என்று தள்ளிவிடவும் இயலாது. எழுத்தறியாதாரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. (பிறநாட்டு ஆய்வுகள் சில இதனை ஒப்பவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.)

அவர்களுக்குத் தெலுங்கையும் உருதுவையும் புகட்டியது ஏடு அன்று. சந்தையும் தெருவும் அண்டை வீடுமே. ஒரு மொழியை அடக்கி மற்றொன்றை எடுத்தாளும் ஓயாத பயிற்சி மூளைக்கு உரமூட்டுகிறது என்பர் ஆய்வாளர். அங்ஙனமாயின், சான்றிதழ் இல்லாத உழைப்பாளியை 'அறிவிலி' என்று நாம் ஒதுக்கியது எந்த நியாயத்தால்? 1956 இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கிய இந்நாட்டில், சிங்களமும் தமிழும் பேசி மரக்கறி விற்கும் கிழவி எவருடைய சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆசிரியர்களாகிய நாமோ, அயலவன் மொழியை இன்னும் பரீட்சைக்காகவே படிப்பிக்கிறோம்.